செட் மாத்திரையும் அம்மாவின் இருமலும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. முட்டிவலிக்கு உள்ளூர் மருந்துக் கடையில் ‘செட் மாத்திரை’ (பல மாத்திரைகளைச் சேர்த்துத் தரும் பொட்டலம்) வாங்கி ஒரு வருடமாகத் தினமும் போடுகிறார். வலி இல்லை, பசியும் நன்றாக எடுக்கிறது. ஆனால் முகம் ஊதிவிட்டது. மூன்று வாரமாக இருமல் வேறு. எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா டாக்டர்? நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: கஷாயத்தால் இது தீராதும்மா. வலி சட்டென்று போய், பசி கூடி, முகமும் உருண்டையானால் என் சந்தேகம் வலியையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து மேல்தான் போகும். அந்தச் செட்டில் டெக்சாமெத்தசோனோ பிரட்னிசோலோனோ இருக்கலாம்.

என்னிடம் இந்தப் பொட்டலத்தோடு வருபவர்களில் நாற்று நடும் பெண்கள் நிறைய. ஒருநாள் கூலி போய்விடக் கூடாதே என்று போடுகிறார்கள். திட்ட மனசு வராது. மருந்தும் லேசுப்பட்டதல்ல. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிய பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் ஸ்டீராய்டு வலியைக் குறைப்பதே எதிர்ப்பு அணுக்களை அடக்கித்தான். முட்டியில் மட்டும் அடக்கு என்று அதற்குச் சொல்ல முடியாது. நுரையீரலில் பல வருடமாக அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்துக் காவல் காப்பதும் அதே அணுக்கள்தான். பிரட்னிசோலோன் தினமும் 15 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் போட்டாலே காசநோய் தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. டெக்சாமெத்தசோன் என்றால் 2 மில்லிகிராம் சொச்சமே அதற்குச் சமம். காய்ச்சலையும் இது அமுக்கிவிடும்; ‘உடம்பு சுடவில்லையே’ என்று இருந்துவிடாதீர்கள்.

அதற்காகப் பயந்துபோய் மாத்திரையை இன்றே நிறுத்திவிடவும் கூடாது. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைப்பதை டாக்டர் சொல்லட்டும்.

இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ரத்தச் சர்க்கரை மூன்றும் பார்க்க வேண்டும். காசநோய் என்றால் மருந்து அங்கே இலவசம். முட்டித் தேய்மானம்தான் என்றால் அதற்குத் தினசரி ஸ்டீராய்டு மாத்திரை மருந்தே அல்ல; எலும்பு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள்.