மழைக்கு மழை மண் மூடும் குறுக்கு வாய்க்கால்

மலைப்பாதையில் மழைத்தண்ணீரை ஓரமாக வெளியேற்றப் போட்ட குறுக்கு வாய்க்கால் ஒவ்வொரு மழைக்கும் மண் மூடிவிடுகிறது, இன்னும் ஆழமாக வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வாய்க்காலைச் சாய்த்து வையுங்கள். நடைபாதைக்கு நேர்குறுக்காகக் கல் பதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஓடிவரும் தண்ணீர் அதில் முட்டி நிற்கும். நின்றால் சுமந்து வந்த வண்டல் அங்கேயே படியும். கல்வரிசையைச் சுமார் 45 பாகை சரித்து, பள்ளத்துப் பக்க வாயை நன்றாக அகலப்படுத்துங்கள். வாயில் சருகு அடைத்தாலும் இதே கதைதான்.

சோதிக்க ஒரு குடம் தண்ணீர் போதும். பத்தடி மேலே நின்று ஊற்றுங்கள். கல்லோரமாக வழுக்கிக்கொண்டு வெளியேறினால் சரி. குட்டையாகத் தேங்கினால் இன்னும் சரிக்கணும்.

ஆனால் பாதையின் சரிவு, அந்த இடத்து மலைச்சரிவின் அளவில் பாதிக்கு மேல் இருந்தால் எந்த வாய்க்காலும் தாங்காது. பாதையையே வளைத்துத் திருப்ப வேண்டியதுதான். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள், ப்ளீஸ்.