சொந்தப் படகு இல்லாமல் பாய்மரப் படகு கிளப்பில் சேரலாமா? வருடம் முழுக்க அங்கே என்னதான் நடக்கும்?

தாராளமாகச் சேரலாம். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் என் பெயரில் ஒரு துடுப்புகூடக் கிடையாது. நாற்பது வயதாகிவிட்டது, நீச்சல் மட்டும் தெரியும், கிளப்பில் ஒருவரையும் தெரியாது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இதில் எதுவுமே தடை இல்லை. ஆனால் போனோமா, படகை எடுத்தோமா, திரும்பினோமா என்ற நினைப்பில் மட்டும் சேராதீர்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் ஒரு பருவம் முடிவதற்குள் வருவதை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கிளப்பின் பாதி வாழ்க்கை கரையில்தான் நடக்கிறது. அந்தப் பாதியில் கை வைத்தவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்.

முதலில் படகு விஷயத்தை முடித்துவிடுகிறேன். பெரும்பாலான கிளப்புகளில் உறுப்பினர்கள் எடுத்து ஓட்டப் பொதுப் படகுகள் சில இருக்கும். அதைவிட முக்கியம், இரண்டு பேர் ஓட்டும் படகு வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு எப்போதும் இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் முன்பாயைக் கவனிக்க வேண்டும். காற்று ஏறும்போது படகு சாயாமல் இருக்க வெளிப்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். சனிக்கிழமை காலை கரையில் சும்மா நின்றால் போதும், யாராவது ஒருவர் "இன்னைக்கு என்கூட வர்றீங்களா?" என்று கேட்பார். சரி என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுத்துப் படிக்கும் வகுப்பைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

கிளப்பின் வருடம் காலண்டரைப் பார்த்துத் தொடங்காது, காற்றையும் தண்ணீரையும் பார்த்துத்தான் தொடங்கும். சில இடங்களில் கடுங்குளிர், சில இடங்களில் புயல் மழை, ஏதோ ஒன்று வந்து சில மாதங்களுக்குப் படகுகளைக் கரையேற்றிவிடும். அது விலகியதும் முதலில் வருவது வேலை நாள். படகுகளைத் தண்ணீரில் இறக்கும், பாசி பிடித்த சரிவைத் தேய்ப்பது, மிதவைகளின் சங்கிலியைச் சோதிப்பது, உடைந்த பலகையை மாற்றுவது எல்லாம் அன்றைக்குத்தான். புதிதாகச் சேர்பவர் அந்த நாளைத் தவறவிடவே கூடாது. பத்து வருட உறுப்பினரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே பிரஷ்ஷோடு குனிந்து நிற்கும் நாள் அது. கிளப்பில் எனக்குப் பழக்கமான முதல் ஐந்து பேரையும் அந்தச் சரிவில்தான் சந்தித்தேன்.

பருவம் தொடங்கிவிட்டால் வாரா வாரம் போட்டி இருக்கும். பகல் நீளமான மாதங்களில் வாரநாள் மாலையிலும் ஒன்று வைப்பார்கள். வேலை முடிந்து நேராக வருபவர்களுக்காக. இந்தப் போட்டிகளை நடத்த வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. உறுப்பினர்கள்தான் முறை வைத்து நடத்துகிறார்கள். ட்யூட்டி பட்டியல் என்று ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும்: போட்டி அதிகாரி, உதவியாளர், பாதுகாப்புப் படகில் இரண்டு பேர். பலர் இதைச் சுமையாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கிளப்பிலேயே சிறந்த பள்ளிக்கூடம் இந்தப் பட்டியல்தான்.

எனக்கு முதலில் கிடைத்த வேலை கொடி ஏற்றுவது. தொடக்கக் கோடு என்பது போட்டி அதிகாரியின் படகில் இருக்கும் கம்பத்துக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே மனதில் இழுத்துக்கொள்ளும் கோடு. ஓடிக்கொண்டிருக்கும் படகுகளை அந்தக் கோட்டில் சரியான நொடியில் கடக்கவைக்க ஐந்து நிமிடக் கணக்கு ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த வகைப் படகுக்கான கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது தயார்க் கொடி ஏறும். பெரும்பாலும் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். பூஜ்யத்தில் வகைக் கொடி இறங்கினால் போட்டி தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடிப்பார்கள். ஆனால் ஹாரன் கேட்காமல் போனாலும் கணக்கு மாறாது, கொடிதான் நேரம். ஒன்றிரண்டு பேர் முன்கூட்டியே கோட்டைத் தாண்டிவிட்டால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறும். தாண்டியவர்கள் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். யார் தாண்டினார்கள் என்றே தெரியாத அளவுக்குக் கூட்டமாகத் தாண்டிவிட்டால் எல்லோரையும் திரும்ப அழைக்க வேறொரு கொடி இருக்கிறது.

என் முதல் நாளில் தயார்க் கொடியை இறக்கப் பதினைந்து நொடி தாமதமாகிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கயிற்றைப் பிடித்திருந்தேன். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. அதிகாரி உடனே ஒத்திவைப்புக் கொடியை ஏற்றி, எல்லோருக்கும் ஐந்து நிமிடத்தைப் புதிதாகத் தொடங்கினார். மாலையில் கரைக்கு வந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவர் நல்ல இடத்தில் நின்றிருந்தவர், அந்தத் தொடக்கத்தை இழந்தவர். "தம்பி, அடுத்த தடவை ஒருத்தர் நேரம் சொல்லட்டும், இன்னொருத்தர் கயிற்றைப் பிடிக்கட்டும். ரெண்டையும் ஒரே ஆள் பார்க்கக் கூடாது" என்றார். அதோடு நிற்காமல் கம்பத்தடியில் கூட்டிப்போய், இழுத்த இழுப்பில் அவிழும்படி கயிற்றை எப்படிச் சுற்றுவது என்று மூன்று முறை காட்டினார். இன்றைக்கும் கொடிக்கயிற்றை அவர் காட்டிய மாதிரிதான் சுற்றுகிறேன்.

பாதுகாப்புப் படகில் ஒரு நாள் உட்கார்ந்தாலும் தண்ணீர் புரிய ஆரம்பித்துவிடும். கவிழ்ந்த படகின் அருகே போனால் முதலில் தலைகளை எண்ண வேண்டும். படகைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஓட்டுபவர் காலில் ஒரு சுருள் கயிறு மாட்டியிருக்க வேண்டும்; அவர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சின் தானே நின்றுவிடும். இதையெல்லாம் அங்கே இருப்பவர்கள் சலிக்காமல் சொல்லித் தருவார்கள்.

கவிழ்வதைப் பற்றிப் பயப்படாதீர்கள். சிறு படகுகள் கவிழும், அதற்கேற்ற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று அதை மிதக்கவைக்கும். படகை விட்டு நீந்திப் போகாமல் இருப்பதுதான் முதல் பாடம். பாய்க்கயிற்றைத் தளர்த்திவிட்டு, அடியில் நீட்டியிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று பின்பக்கம் சாய்ந்தால் படகு மெல்ல நிமிரும். உயிர்காப்பு அங்கியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிறு படகில் வழக்கமாக அணிவது 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) மிதவை அங்கி. நினைவுள்ள, நீந்தத் தெரிந்த ஆளுக்கு அது உதவும், ஆனால் மயங்கியவரின் முகத்தைத் திருப்பி மேலே வைக்காது. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தாறுமாறாக வாங்கும், எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும். படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு சீராகும்வரை மிதந்துவிட்டு, அப்புறம்தான் மற்ற வேலை.

வேறு வேறு படகுகள் ஒரே போட்டியில் ஓடுவது எப்படி நியாயம் என்று கட்டாயம் தோன்றும், எனக்கும் தோன்றியது. பல கிளப்புகள் போர்ட்ஸ்மவுத் எண் முறையைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண். வேகமான படகுக்குச் சிறிய எண். எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். எண் 1100 உள்ள படகு 55 நிமிடத்தில் முடித்தால் திருத்திய நேரம் 50 நிமிடம். எண் 1300 உள்ள படகு 65 நிமிடத்தில் வந்தாலும் அதே 50 நிமிடம்தான். அதனால் கடைசியாகக் கரை சேர்ந்த படகு முதல் பரிசு வாங்குவது சாதாரணமாக நடக்கும். ஒரு வயதான தம்பதியின் கனமான பழைய படகு பளபளப்பான புதுப் படகுகளை இப்படி முந்திய ஒரு மாலை எனக்கு மறக்காது. முடிவை வாசித்தபோது எழுந்த கைதட்டலில் தோற்றவர்களின் கைகளும் இருந்தன.

விதிப்புத்தகம் தடிமனாக இருக்கும், முழுதும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும், வழி உங்களுடையதாகவே இருந்தாலும் மோதலைத் தவிர்க்க வேண்டும். தொடங்குவதற்கு இது போதும். எனக்குப் பிடித்தது அந்தப் புத்தகத்தின் முதல் விதி: ஆபத்தில் இருக்கும் எவருக்கும் முடிந்த எல்லா உதவியும் செய்தாக வேண்டும். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், கவிழ்ந்த படகில் கயிறு காலில் சுற்றித் தவித்த பையனைப் பார்த்ததும் பாயைத் தளர்த்திவிட்டுத் திரும்பிப் போனதை ஒரு முறை பார்த்தேன். போட்டியில் அவர் கடைசி. ஆனால் உதவப் போய் இடத்தை இழந்தவருக்கு ஈடு கொடுக்கவும் விதி இருக்கிறது. மற்றப் போட்டிகளின் சராசரியை வைத்து அவருக்குப் புள்ளி கொடுத்தார்கள்.

விடுமுறை வந்தால் கிளப் குழந்தைகளின் கைக்குப் போய்விடும். அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் ஆப்டிமிஸ்ட் என்னும் பெட்டி போன்ற சின்னப் படகு. 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், குறைந்த செலவில் கட்டும்படி, ஒட்டுப்பலகையின் அளவுக்கேற்ப வடிவமைத்தது. இரண்டரை மீட்டருக்கும் குறைந்த நீளம், 35 கிலோ எடை. பதினைந்து வயது வரை ஓட்டலாம். முதல் வாரத்திலேயே வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குவார்கள். காலையில் அழுதுகொண்டு இறங்கிய குழந்தை மதியம் "இன்னொரு தடவை கவிழ்க்கலாமா?" என்று கேட்கும். உங்களுக்குக் குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் உதவிக்குப் போங்கள். முடிச்சு போடச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே முடிச்சு சரியாக வருகிறது.

பருவத்தின் நடுவில் ரெகாட்டா என்னும் பெரிய படகுப் போட்டி வரும், மற்றக் கிளப்புகளிலிருந்தும் படகுகள் வரும். இரண்டு நாள் திருவிழா மாதிரிதான். வண்டிகளை நிறுத்த வழிகாட்டுவதிலிருந்து பெயர் பதிவதுவரை ஆள் போதாது. அன்றைக்குக் காற்றே இல்லாமல் போவதும் உண்டு. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒத்திவைப்புக் கொடி மணிக்கணக்கில் தொங்கும், எல்லோரும் தண்ணீரில் ஒரு சுருக்கம் விழாதா என்று பார்த்துக்கொண்டே பழைய கதைகளைப் பேசுவார்கள். அந்தக் கதைகளை நான் விரும்பிக் கேட்பேன்.

பருவம் முடிந்ததும் படகுகளைக் கரையேற்றும் வேலை. பாயை உப்புப் போக நன்னீரில் அலசி, காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். படகின் மூடிகளைத் திறந்துவிட வேண்டும், உள்ளே ஈரம் தங்கக் கூடாது. வேறொரு நீர்நிலைக்குக் கொண்டுபோகும் படகு என்றால் ஒட்டிய பாசி, சிப்பி எல்லாவற்றையும் சுத்தம் செய்து முழுதாகக் காயவைக்க வேண்டும். வேற்று உயிரினங்கள் இப்படித்தான் ஏரிக்கு ஏரி பரவுகின்றன. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் கம்பியின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போவார்கள். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் பஞ்சு அங்கே சிக்கிக்கொள்ளும். வெறுங்கையால் தடவிப் பார்த்தால் விரல்தான் கிழியும். ஒரு வருடம் அப்படிச் சிக்கிய ஒரு வெள்ளை இழையைப் பார்த்துத்தான் ஒருவர் கம்பியை மாற்றினார். பலத்த காற்றில் அது அறுந்திருந்தால் பாய்மரமே ஆட்கள்மேல் சாய்ந்திருக்கும்.

கரையில் கழியும் மாதங்களில் ஆண்டுக் கூட்டம், பரிசளிப்பு, விதி வகுப்பு, முதலுதவிப் பயிற்சி, ரேடியோவில் பேசும் பயிற்சி எல்லாம் நடக்கும். கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், கிளப் எதில் ஓடுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

சேரும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: பொதுப் படகு எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா, அதற்கு முன் பயிற்சிச் சான்று வேண்டுமா, வருடத்துக்கு எத்தனை நாள் ட்யூட்டி, புதியவர் தண்ணீரில் இருக்கும்போது பாதுகாப்புப் படகு கட்டாயம் இருக்குமா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத கிளப்பில் சேராதீர்கள்.

முதல் நாள் காற்றின் வேகம் 7 முதல் 10 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வரை இருந்தால் நல்லது, அலை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிகிற அளவு. நனையக்கூடிய மூடிய செருப்பு, நாடா வைத்த தொப்பி, குடிக்கத் தண்ணீர், மாற்றுத் துணி ஒரு செட், இவ்வளவு போதும். துணியைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.