அகிதா டோக்கியோவுக்குப் பக்கத்தில் இல்லை. ஆனாலும் மகளை அனுப்பலாம்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறாள். ஜப்பானில் அகிதா மாகாணத்தில், யோகோத்தே என்ற ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். டோக்கியோவுக்குப் பக்கம்தானாம். மூன்றரை லட்சம் கேட்கிறார். ஒரு லட்சத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். அந்த ஊர் எப்படி? பெண் பிள்ளை தனியாக இருக்க முடியுமா? - திண்டுக்கல் வாசகர்

பதில்: முதலில், அந்த ஒரு லட்சத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஊரைப் பற்றிக் கேட்டீர்கள், அதைப் பார்த்துவிடுவோம்.

அகிதா, ஜப்பானின் 47 மாகாணங்களில் ஒன்று. ஹொன்ஷு தீவின் வடக்கில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. டோக்கியோ இருப்பது மறுபக்கம், பசிபிக் கடலோரத்தில். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மலைத்தொடர். டோக்கியோவில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஓமகாரி வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே இறங்கி உள்ளூர் ரயிலில் யோகோத்தேவுக்குப் போக வேண்டும். மொரியோகாவைத் தாண்டியதும் அந்த ஷின்கான்செனும் சாதாரணத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. பெரும்பனி கொட்டினால் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை டோக்கியோ போய்த் தமிழ்ச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று யாராவது உங்கள் மகளுக்கு ஆசை காட்டியிருந்தால், அதை இப்போதே மறந்துவிடச் சொல்லுங்கள்.

இங்கே ஏன் ஆள் தேடுகிறார்கள் என்பதிலேயே ஊரின் இயல்பு இருக்கிறது. ஜப்பானிலேயே மிக மூப்படைந்த மாகாணம் இது. பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2017இல் மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் கீழே போனது, இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் செண்டாய்க்கும் டோக்கியோவுக்கும் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது நெல்வயல், மலை, பெரிய பெரிய பழைய வீடுகள், அவற்றில் ஒருவரோ இருவரோ முதியவர்கள். உங்கள் மகள் பார்க்கப்போகும் வேலை இவர்களோடுதான்.

பனியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அகிதா நகரம் கடலோரம் என்பதால் அங்கே காற்று அதிகம், பனி கொஞ்சம் குறைவு. யோகோத்தே உள்நாட்டுப் படுகையில் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே பனி ஆள் உயரத்துக்குக்கூடக் குவியும். பிப்ரவரி நடுவில் பனியிலேயே சின்ன அறைகள் கட்டி, உள்ளே நீர்த்தெய்வத்துக்கு விளக்கேற்றும் கமகுரா திருவிழாவுக்குப் பேர்போன ஊர் அது. படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் அந்த நான்கு மாதமும் சைக்கிள் ஓட்ட முடியாது, பேருந்தும் குறைவு. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'குளிர் எவ்வளவு' என்பதல்ல. தங்குமிடத்திலிருந்து இல்லத்துக்கு எத்தனை நிமிட நடை, இரவு ஷிஃப்ட் முடிந்தால் யார் கொண்டுவந்து விடுவார்கள், அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் யார் பணம் கட்டுவார்கள் என்று கேளுங்கள். கூரைப் பனியைத் தள்ள ஏறி விழுந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆட்கள் இறக்கிறார்கள். எந்தப் பாட்டி கெஞ்சினாலும் மகள் கூரை ஏறக் கூடாது.

தனியாக இருக்கலாமா? திருட்டு, தெருவில் தொல்லை என்ற பயம் அங்கே மிகக் குறைவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மனிதர்களைவிடக் கரடிக்குத்தான் கவலைப்படுவேன், விளையாட்டாகச் சொல்லவில்லை. கரடித் தாக்குதல் கூடிப்போய் 2025 நவம்பரில் ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையினரையே அகிதாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இலையுதிர் காலத்தில் மலையோரப் பாதையில் தனியாக நடக்க வேண்டாம். மற்றபடி மக்கள் அதிகம் பேசாதவர்கள். ஆனால் ஒருமுறை பழகிவிட்டால் வீட்டு வாசலில் முள்ளங்கியும் அரிசியும் கொண்டுவந்து வைப்பார்கள். முதியவர்கள் பேசும் வட்டார வழக்கு டோக்கியோக்காரர்களுக்கே முழுதாகப் புரியாது. வகுப்பில் படித்த ஜப்பானிய மொழியோடு போகும் பெண்ணுக்கு முதல் மாதம் அழுகை வரும், அது இயல்பு. உணவில் உப்பும் மீனும் கூடுதல். சைவம் மட்டும் என்றால் சமைத்துத்தான் ஆக வேண்டும். அரிசி மட்டும் அருமையானது, அகிதகோமாச்சி என்ற ரகம், சற்றே ஒட்டும்.

சரி, இப்போது ஏஜென்டுக்கு வருவோம். 'நர்ஸ் வேலை' என்பது பொய். ஜப்பானில் நர்சாக வேலை பார்க்க அவர்களுடைய தேசியத் தேர்வில், ஜப்பானிய மொழியிலேயே, தேற வேண்டும். உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போவது பராமரிப்பாளர் வேலை: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துப்போவது, எல்லாவற்றையும் குறித்துவைப்பது. கௌரவமான வேலைதான். ஆனால் அதை நர்ஸ் என்று சொல்லி விற்பவர் வேறு எதையும் நேராகச் சொல்ல மாட்டார்.

இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்லும் உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். மீதி மூன்று லட்சத்துக்கு மேல் என்ன கணக்கு? 'டாகுமென்டேஷன்', 'ட்ரெய்னிங்', 'ஜப்பான் பார்ட்னர் ஃபீஸ்' என்று பெயர் வைப்பார்கள். இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலும் நம் ஊர்களில் வந்து பணம் வாங்குபவர் பதிவு பெற்றவரே அல்ல, அவருக்குக் கீழே வேலை செய்யும் துணை ஆள். சட்டத்தில் அப்படி ஒருவருக்கு இடமே கிடையாது. ஏமாந்தபின் புகார் கொடுக்கப் போனால் காவல் நிலையத்தில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள், அங்கே போனால் காவல் நிலையத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். இத்தனை குடும்பங்கள் அலைவதைப் பார்த்தும் இதை ஒரே மேசையில் முடிக்க ஏற்பாடு செய்யாத அரசை எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை. முன்பணம், இடையில் விலகினால் அபராதம் என்ற ஒப்பந்தம், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பது - இந்த மூன்றில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிணைத்தொகையோ அபராத ஒப்பந்தமோ இருந்தால் ஜப்பான் விதியே விசாவுக்குத் தடை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்திலும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

விசா 'குறிப்பிட்ட திறன்' வகைதானா என்று எழுத்தில் வாங்குங்கள். அதில் அதே துறையில் முதலாளியை மாற்றிக்கொள்ளலாம். 'பயிற்சி பெறுபவர்' வகையில் பொதுவாக முடியாது. சம்பளத்தில், அகிதாவின் குறைந்தபட்ச மணிக்கூலி 2024 அக்டோபரில் 951 யென், நாட்டிலேயே மிகக் குறைவு. டோக்கியோவில் அப்போது 1163. பிறகு இரண்டும் உயர்ந்தன, இடைவெளி போகவில்லை. வாடகை மலிவு என்பது உண்மை. காப்பீடு, ஓய்வூதியம், வரி எல்லாம் போய்க் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து குடியிருப்பு வரியும் சேரும்.

'குறிப்பிட்ட திறன்' விசா பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுதான், கணவர், குழந்தைகளை அழைத்துவர முடியாது. முதியவர்களைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் குடும்பம் வேண்டாம் என்பது அநியாயம். இதற்கு ஒரு வழி இருக்கிறது, ஏஜென்டுகள் சொல்வதில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 'கைகோ ஃபுக்குஷிஷி' என்ற தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் தேறினால் விசா வகையே மாறும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், குடும்பத்தையும் அழைக்கலாம். அந்தத் தேர்வை எழுத மூன்று ஆண்டு வேலை அனுபவமும் ஒரு பயிற்சி வகுப்பும் வேண்டும். தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில். அனுபவத்தை அந்தத் தேர்வுக்கு அடுத்து வரும் மார்ச் இறுதி வரை கணக்கில் எடுப்பார்கள். ஆகவே ஏப்ரல் தொடக்கத்தில் வேலையில் சேருபவருக்கு ஐந்து ஆண்டுக்குள் மூன்று வாய்ப்புகள், ஜூனில் சேருபவருக்கு இரண்டுதான். 2026 ஜனவரித் தேர்வு முதல் பாடங்களை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். தேறிய பகுதியை அடுத்த இரண்டு ஆண்டுகளில் திரும்ப எழுத வேண்டாம். பயிற்சி வகுப்புக்கு இல்லம் பணம் கட்டுமா, விடுப்பு தருமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இதற்குத் தயங்கும் இல்லம் என்றால் அகிதாவிலேயே வேறு இல்லம் தேடலாம், ஆள் தேவை அங்கே எல்லா ஊரிலும் இருக்கிறது.

அப்புறம், பனிக்கு ஏற்ற பூட்ஸை இங்கே வாங்காதீர்கள். இங்கே விற்பவை உறைந்த தரையில் வழுக்கும். அங்கே போய் முதல் வாரத்திலேயே, கூட வேலை செய்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வாங்கட்டும்.