சின்ன ரன்வே எண்டு சொல்லாதேங்கோ

கேள்வி: எடிட்டர் ஐயா, என்ர மச்சாளின்ர மகன் அமெரிக்காவில ஒரு மாநில அரசாங்கத்தின்ர விமானத் திணைக்களத்தில சேர்ந்திருக்கிறான். அதுக்கே தலைவரா வந்து தான் ரிட்டயர் ஆகோணும் எண்டு கதைக்கிறான். பைலட் லைசென்ஸ், கொன்ட்ரோல் டவர் எல்லாம் ஃபெடரல் அரசாங்கத்தின்ர கையில எண்டா, சின்னச் சின்ன ரன்வேயள வச்சுக்கொண்டு ஒரு மாநிலம் என்னத்தைச் செய்யப் போகுது? வேற வேலை பாக்கச் சொல்லவோ? - வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, பெடியனைப் பிறகு பாப்பம். "சின்னச் சின்ன" எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அதை வெள்ளவத்தையில இருந்துகொண்டு எழுதலாமா? 2006 ஆகஸ்டில ஏ9 ரோட்டை மூடினாப் பிறகு யாழ்ப்பாணம் போறதுக்கு எங்களுக்கு என்ன இருந்தது? கப்பல், இல்லாட்டி கொழும்புப் பக்கம் ரத்மலானையில பிளேன் ஏறி யாழ்ப்பாணத்துப் பலாலியில இறங்கிறது, அதுக்கும் கிளியரன்ஸ் எடுக்க அலைஞ்சு, டிக்கெட்டுக்கு அலைஞ்சு, செத்த வீட்டுக்கு வெளிக்கிட்ட சனம் அந்தியேட்டிக்குத் தான் போய்ச் சேர்ந்த கதையள் எத்தினை. வடக்குக்கு அப்ப ரோட்டு எண்டு இருந்ததே அந்தச் சின்ன ரன்வே தான்.

அலாஸ்காவில இப்பவும் அப்பிடித் தான். முக்கால்வாசிக்கு மேல ஊர்களுக்கு வெளியில இருந்து போக ரோட்டே இல்லை. மாநில அரசாங்கமே 200க்கு மேல எயார்போர்ட் வச்சு நடத்துது, கனக்க இடத்தில வெறும் கிரவல் ரன்வே, கடிதம், மருந்து, பிள்ளைத்தாச்சி எல்லாம் அதால தான் போய் வரோணும். ஒரிகன் மாநிலம் 1921லயே இதுக்கெண்டு ஒரு சபை வச்சிட்டுது, ஃபெடரல் அரசாங்கம் விமானப் போக்குவரத்துக்குச் சட்டம் போட்டது 1926ல தான். இண்டைக்கும் அந்த மாநிலத்துக்குச் சொந்தமா 28 எயார்போர்ட் இருக்கு.

அங்க தலைவரா இருக்கிற ஆளுக்கு என்ன வேலை எண்டு கேட்டா, ரன்வே தாரில வெடிப்பு எவ்வளவு எண்டு ஆக்களை அனுப்பி நூறுக்குப் புள்ளி போடுவிக்கிறது, பிளேன் இறங்கிற பக்கத்தில மரம் வளர்ந்து மறைக்குதா எண்டு பாக்கிறது, லைட் எரியுதா, காத்துத் திசை காட்டுற பை கிழிஞ்சு போச்சா, எந்த ஊருக்கு முதல்ல காசு குடுக்கிறது, பிறகு சட்டசபையில போய் நிண்டு விமான எண்ணெய் வரியில வாற காசை வேற தேவைக்கு எடுக்காதேங்கோ எண்டு சண்டை பிடிக்கிறது. பேப்பரில பேர் வராத வேலை. ஆனா ஒரு ஆள் இருபது முப்பது வருசம் அதிலயே கிடந்தா, எந்த ரன்வே எந்த மழைக்கு ஊறும் எண்டு அவருக்குத் தலைகீழாத் தெரியும், அந்த அறிவை எந்த டெண்டரிலயும் வாங்கேலாது.

எங்கட நாட்டில அப்பிடி ஒரு ஆள் எங்க? மாகாண சபையளைக் கொண்டு வந்த அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தில விமானப் போக்குவரத்தும் விமான நிலையமும் ஒதுக்கப்பட்ட பட்டியலில, அதாவது முழுக்கக் கொழும்பின்ர கையில. வட மாகாண சபை 2018 ஒக்டோபரில கலைஞ்சாப் பிறகு தேர்தலே இல்லை, சபையே இல்லாத இடத்தில விமானத் திணைக்களத்தை எங்க போய்க் கேக்கிறது? சிவில் விமானப் பணிப்பாளர் நாயகத்துக்கு முழு நாட்டின்ர பாதுகாப்பும் தலையில, எயார்போர்ட்டை நடத்திறது வேற ஒரு கொம்பனி. பலாலி, மட்டக்களப்பு, சீனக்குடா, வவுனியா, இதுகளையே நினைச்சுக்கொண்டு காலமை எழும்புற உத்தியோகத்தர் ஒராளும் இல்லை. எயார் சிலோன் 1947 டிசம்பரில முதல் முதலாப் பறக்கேக்க ரத்மலானையில இருந்து பலாலிப் பக்கம் இறங்கித் தான் மெட்ராசுக்குப் போனது. அப்பிடிப்பட்ட இடத்துக்கு, சண்டை முடிஞ்சு பத்து வருசம் கழிச்சு 2019 ஒக்டோபரில தான் சென்னைப் பிளேன் வந்தது. கொரோனாவோட நிண்டது, திரும்ப வர 2022 டிசம்பர் ஆச்சு.

இதை எழுதினா உடன ஒரு பழைய பொருளாதாரப் பத்தி எழுத்தாளர் சண்டைக்கு வருவார், சின்ன எயார்போர்ட் எல்லாம் நட்டம், பெரிசாக் கட்டினாத் தான் பிளேன் வரும் எண்டு. அவரோட எனக்கு, அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தளையில பெரிய எயார்போர்ட் கட்டின காலத்தில இருந்தே பிணக்கு. 2013ல திறந்த மத்தளையில 3,500 மீற்றர் ரன்வே இருக்கு, பிளேன் எங்க? பலாலிக்கு ஏ.ரி.ஆர் எண்ட சின்னப் பிளேன் தான் வருது, அந்தச் சீற்றுகளில இருக்கிற கிழவியளைப் போய்ப் பாருங்கோ, மகளைப் பாக்கப் போறா, வேலூருக்கு வைத்தியத்துக்குப் போறா. எந்தக் கணக்குப் புத்தகத்தில இதை நட்டப் பக்கத்தில எழுதுவீங்கள்?

கொச்சியையும் சொல்லோணும். கேரள அரசாங்கத்தின்ர பங்கோட, வெளிநாட்டில வேலை செய்த ஆயிரக்கணக்கான மலையாளியளின்ர காசும் சேர்த்து 1999ல திறந்த எயார்போர்ட் அது. வி.ஜே. குரியன் எண்ட ஐ.ஏ.எஸ் அதிகாரி கன வருசம் அதைத் தன்ர வாழ்க்கையாக்கி நடத்தினார். கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற எங்கட சனம் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு அள்ளிக் குடுக்குது, நல்லது, குடுக்கட்டும். பலாலியிலயும் பங்கு போடலாம் எண்டு ஒரு சட்டம் வந்தா முதல் காசு கட்டிறதுக்கு நான் ரெடி.

பெடியனை அந்த வேலையிலயே இருக்கச் சொல்லுங்கோ தம்பி. ஒரு மாநிலம் எந்த ரன்வேக்கு முதல்ல காசு ஒதுக்கிறது எண்டு எப்பிடி முடிவு செய்யுது, அதை அவன் தமிழில விளக்கமா எழுதி அனுப்பினா அடுத்த இதழில ரெண்டு பக்கம் ஒதுக்கிறன்.