அக்கா, உங்களுக்கு எதற்கு இந்த இரைச்சல்?

அன்புள்ள அக்கா,

நான் முள்ளியவளையில் இருக்கிறேன். வயது 24. கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை. போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், விடைத்தாள் திருத்தும்போது டெத் மெட்டல் என்கிற உறுமல் பாட்டுக் கேட்பேன் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அதை மூன்று தரம் வாசித்தேன். நானும் அதைத்தான் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் இது எனக்கு மட்டும் வந்த வருத்தம் என்று நினைத்திருந்தேன்.

"பேய் பிடிச்சவன் கத்துற மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டு" என்பார் அம்மா. அதைச் சமாளிக்கலாம். சித்தப்பா சொன்னதுதான் தைத்துவிட்டது. ஒரு நாள் இரவு நான், செத்தவர்கள் எழும்பி வருகிற ஸொம்பிப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இவ்வளவு சனம் செத்த மண்ணில இருந்துகொண்டு உனக்கு ரத்தம் பாக்கிறது பொழுதுபோக்கோ?" என்றார். 2009இல் எனக்கு எட்டு வயது. எனக்குப் பதில் வரவில்லை.

உங்களிடம் இரண்டு கேள்வி. சித்தப்பா சொல்வது சரியா? மற்றது, உங்களுக்குப் பிடித்த பாட்டு, நாவல், படம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகத் தருவீர்களா?

ஒரு வாசகன்,
முள்ளியவளை

* * *

அன்புள்ள தம்பி,

பட்டியல் தரமாட்டேன். பட்டியல் போடத் தொடங்கினால் ஆள் தன்னை அறியாமலே கொஞ்சம் பொய் சொல்லும். பிடித்ததை விட்டுவிட்டு, பிடித்திருந்தால் மதிப்பு என்று நினைப்பதை எழுதும். எது எப்படி என் கைக்கு வந்தது என்று மட்டும் சொல்கிறேன். சித்தப்பாவுக்கான பதில் இடையில் எங்காவது வரும்.

எனக்கு விவரம் தெரிந்த வயதில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான். தப்பித்தவறிக் கிடைத்த பற்றரி செத்துப்போனால் வெயிலில் காயவைப்போம், பிறகு பல்லால் கடித்து நசுக்கிப் பார்ப்போம். அதுவும் சரிவராவிட்டால் சைக்கிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரைக் கசற் றெக்கோடரில் கொழுவிவிட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது பெரியண்ணாவின் வேலை. அவர் உசாராகச் சுற்றினால் பாடகி கீச்சிடுவார். கை சளைத்தால் அதே குரல் இறங்கி இறங்கி, கிணற்றுக்குள் விழுந்த எருமை முனகுவது போல ஆகும். "சுத்தடா, சுத்தடா" என்று மற்ற எல்லோரும் கத்துவார்கள். எனக்கு அந்த இறங்கின குரல்தான் பிடித்தது. அண்ணாவுக்குக் கை நோகட்டும் என்று காத்திருப்பேன். இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

2002இல் சண்டை நின்று, வன்னிக்கு வருகிற ஏ9 பாதை திறந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிச் சொந்தங்கள் வரத் தொடங்கினார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் ஒருவன் அந்த வெயிலிலும் கறுப்பு ரீசேர்ட்தான் போடுவான். போகும்போது ஒரு கசற்றை விட்டுவிட்டுப் போனான். மறந்து விட்டானா, வேண்டுமென்றே விட்டானா தெரியாது. போட்டுப் பார்த்தேன். யாருக்கும் கை சளைக்கவில்லை, ஆனால் அதே குரல் வந்தது.

அது டெத் என்ற குழு, அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துக்காரர்கள். அதை நடத்திய சக் ஷுல்டினர் 2001 டிசம்பரில், 34 வயதில், மூளைக்கட்டியால் இறந்துபோயிருந்தார். வைத்தியச் செலவுக்கு மற்றப் பாட்டுக்காரர்கள் கச்சேரி வைத்துக் காசு சேர்த்திருக்கிறார்கள். அவர் குரல் எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆள் இல்லை. 1987இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு முழுக்க வெட்டும் கொத்தும் பிணமும்தான். நீங்கள் அதிலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1991இல் வந்த 'ஹியூமன்' தொகுப்புக்குப் போங்கள். தொண்டை அதேதான், ஆனால் பாடுகிற விசயம் மாறிவிட்டிருக்கும்.

இந்த இறங்கின சத்தம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். கதை இங்கிலாந்தில், பேர்மிங்ஹாமில், தகரம் வெட்டுகிற ஒரு தொழிற்சாலையில் போய் நின்றது. அங்கே வேலை செய்த கிற்றார்க்காரர் டொனி அயோமிக்கு அப்போது 17 வயது. வேலையின் கடைசி நாளன்று இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல்நுனியைக் கொண்டுபோய்விட்டது. இடக்கைக்காரர் என்பதால் கிற்றார்த் தந்தியை அழுத்துகிற கை அது. இனி வாசிக்க முடியாது என்றார்கள். அவர் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். நோகாமல் அழுத்துவதற்காக மெல்லிய தந்தி போட்டார், பிறகு அதையும் தளர்த்திக் கட்டினார். தளர்ந்த தந்தி, இறங்கின சத்தம். 1970இல் அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டு வந்தது. பொய்க்காலோடு வயல் செய்கிறவர்கள் இருக்கிற ஊரில் இருந்து இதைக் கேட்கிறோம். அந்த விரல்தொப்பியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் இந்தப் பாட்டுகள் கடைக்கு வருவது குறைவு. 1980களில் ஆட்கள் கசற்றைப் பதிந்து பதிந்து தபாலில் அனுப்பிக்கொண்டார்கள், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு. முத்திரையின் மேல் மெல்லிதாகப் பசை பூசிவிடுவார்களாம். தபால் கந்தோர் குத்துகிற மையைப் பிறகு கழுவிவிட்டு அதே முத்திரையைத் திரும்ப ஒட்டலாம். எனக்குப் பாட்டை விட இந்தக் களவுதான் அதிகம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் என்னிடம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நோர்வேயில், பிளாக் மெட்டல் என்கிற இன்னொரு வகைப் பாட்டுக்காரப் பெடியள் சிலர் மரத்தால் கட்டிய பழைய தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். அவர்களுடைய பாட்டும் நல்ல பாட்டென்றுதான் சொல்கிறார்கள். இருக்கட்டும். 1981இல் நூலகம் எரிந்த பக்கத்து ஆள் நான். எரித்தவன் பாட்டு எனக்கு வேண்டாம்.

படத்துக்கு வருகிறேன். உங்கள் ஸொம்பிப் படங்களுக்கெல்லாம் தாய், ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்'. கறுப்பு வெள்ளை. ஏறத்தாழ 1,14,000 டொலர் செலவு. ரத்தமாக ஊற்றியது சொக்கலேற் பாணி. விநியோகித்தவர்கள் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை வரியைப் படத்தில் போட மறந்துவிட்டார்கள். அதனால் அது பொதுச்சொத்தாகிவிட்டது. நீங்கள் களவெடுக்காமலே இறக்கிப் பார்க்கலாம். சித்தப்பா அடுத்த முறை கேட்டால் சொக்கலேற் பாணி என்று சொல்லிப் பாருங்கள்.

நான் அதிகம் பார்த்த படம் அது இல்லை. ஜோன் கார்பென்ரர் 1982இல் எடுத்த 'த திங்'. தென்துருவப் பனிக்குள் ஒரு முகாம், பன்னிரண்டு ஆம்பிளைகள். வெளியிலிருந்து வந்த ஒரு ஜந்து ஆளைக் கொன்று, அந்த ஆள் மாதிரியே உருவெடுக்கும். அதே முகம், அதே பேச்சு. யார் ஆள், யார் ஜந்து என்று யாருக்கும் தெரியாது. வந்த ஆண்டில் படம் ஓடவில்லை. 2012இல் கிளிநொச்சியில், தரப்பாள் போய்த் தகரம் வந்த வீட்டில், மடிக்கணினியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் இருந்து பயறு கொழித்துக்கொண்டிருந்தா. அவவுக்கு இங்கிலிஷ் தெரியாது.

2009இல் போர் முடிந்தபோது சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் நாங்களும் இருந்தோம், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தோடு. தண்ணி வரிசையில் பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்துத்தான் வாய் திறப்போம். தலையாட்டி என்றால் என்னவென்று உங்கள் வயது ஆளுக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், சித்தப்பாவுக்குத் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு வந்து நிற்பவன் ஒரு தரம் தலையை ஆட்டினால் போதும், முன்னால் நிற்கிற ஆளை ஆமி கொண்டுபோய்விடும்.

படத்தில் ஒரு கட்டம். எல்லோரையும் கதிரையில் கட்டிவைத்து, ஒவ்வொருவரின் ரத்தத்தையும் கிண்ணத்தில் எடுத்து, சூடாக்கின கம்பியை அதில் வைப்பார்கள். ஜந்தின் ரத்தம் என்றால் துள்ளும். அந்தக் கட்டத்தில் அம்மாவின் சுளகுச் சத்தம் நின்றுவிட்டது. முடிந்தபிறகு சொன்னா: "ரத்தத்தை எடுத்துப் பார்த்தாத் தெரியுமெண்டா எவ்வளவு சுகம்."

பிறகு திரும்பவும் பயறு கொழிக்கத் தொடங்கிவிட்டா.

நாவலில் ஒன்றே ஒன்று. ரஷ்ய எழுத்தாளர்கள் ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்கள் 1972இல் வெளியிட்ட 'ரோட்சைட் பிக்னிக்'. அதைத் தழுவித்தான் தார்க்கோவ்ஸ்கி 1979இல் 'ஸ்ரோக்கர்' படத்தை எடுத்தார். வேற்றுக்கிரகத்தார் வந்து தங்கிப் போன இடம் ஒன்று, அடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே அவர்கள் விட்டுப்போன சாமான்கள் கிடக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத பொறிகளும் கிடக்கின்றன. களவாகப் போய்ச் சாமான் எடுத்துவந்து விற்கிறவன் கையில் கொஞ்சம் நட்டு வைத்திருப்பான். ஒன்றை முன்னால் எறிவான். அது விழுகிற விதத்தைப் பார்த்து அடுத்த அடி வைப்பான்.

இந்தக் கதையை என் அயலில் ஒரு பிள்ளைக்குச் சொன்னேன். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிற வேலை அவவுக்கு. காலை நான்கரைக்கே சாப்பாட்டுப் பெட்டியோடு றோட்டில் நிற்பா. "எறிஞ்சு பாக்கிறதோ? எங்களுக்கு எறியிற வேலை இல்லை அக்கா, சுரண்டுற வேலைதான்" என்று சிரித்தா. குந்தியிருந்து, முன்னால் உள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு போகும் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டு விறாந்தையின் ஒரு மூலையைக் காட்டினா. பிறகு கேட்டா, "அந்த நட்டு எறியிறவனுக்குப் பிள்ளை இருக்கோ?" இருக்கு, ஒரு பெண்பிள்ளை, அந்த இடத்துக்குப் போய்வந்ததாலேயே வேறு மாதிரிப் பிறந்த பிள்ளை என்றேன். "அப்ப அவன் போகத்தான் செய்வான்" என்றா. நாவலைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இந்த வரி இல்லை.

பாருங்கள், நானும் எதைத் தொட்டாலும் அங்கேயே போய் நிற்கிறேன். எல்லாம் போர் இல்லை, தம்பி. பெரிய முதலை ஆளை விழுங்குகிற மூன்றாந்தரப் படங்கள் எனக்குப் பிடிக்கும், அதற்கு ஒரு காரணமும் கிடையாது. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை இப்போதும் வைத்திருக்கிறேன், 1972இல் அவர்கள் தொடங்கியதே அவனோடுதான். கரையான் தின்றது போக மிச்சம். சின்ன வயதில் ஊரில் யாராவது ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டால் மண்ணெண்ணெய்க்குப் பங்கு கொடுத்துவிட்டு விடிய விடிய பார்ப்போம். அதில் பேய்ப்படம் வந்தால்தான் எனக்குக் கொண்டாட்டம். அன்றைக்கும் வெளியில் பயப்பட நிறைய இருந்தது.

சித்தப்பாவைக் கோபிக்காதீர்கள். அவர் உங்களைக் கேலி செய்யவில்லை, அவருக்கு நோகிறது. ஆனால் அவர் சொல்வது சரி இல்லை. எங்களிடம் எல்லோரும் ஒரே ரசனையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கொழும்பில் ஒரு கூட்டத்தில் என்ன இசை கேட்பீர்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். மைக் வைத்திருந்தவர் சிரித்துவிட்டு, "சரி, முள்ளிவாய்க்காலுக்கு வருவோம்" என்றார். ஒப்பாரி மட்டும்தான் எங்கள் வாயில் வரலாம் என்றால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒப்பாரி எனக்குத் தெரியும், வேண்டியபோது வைத்துமிருக்கிறேன். அது போக, இந்தப் படங்களும் பாட்டுகளும் என்னிடம் வாக்குமூலம் கேட்பதில்லை. பயத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகின்றன. ஒன்றரை மணித்தியாலம் நான் வெறும் பார்வையாளர். சித்தப்பா பார்க்க வேண்டாம். அவர் இருக்கும்போது நீங்கள் சத்தத்தைக் குறையுங்கள், அது மரியாதை. நிறுத்த வேண்டியதில்லை.

அம்மாவுக்கு ஒரு வழி இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலன்று உரு வந்து ஆடுபவரின் தொண்டையிலிருந்து வரும் சத்தத்தை அவ எத்தனை தரம் கைகூப்பிக் கேட்டிருப்பா. நினைவுபடுத்திப் பாருங்கள். ஏச்சு விழுந்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி, இது என் முறை. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வாசித்துவிட்டீர்களா? 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. கதை நடப்பது தண்ணிமுறிப்பில், உங்கள் வீட்டிலிருந்து மோட்டார்சைக்கிளில் போய்வரலாம். காடு, குளம், பன்றி வேட்டை எல்லாம் அதில் இருக்கிறது. பேய் இல்லை. வாசித்துவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், மச்சானின் கசற்றைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பக்கம் மட்டும்தான் ஓடும். மற்றப் பக்கத்தில் பெரியண்ணா திருவிழா நாதஸ்வரத்தைப் பதிந்துவிட்டார்.

அன்புடன்,
அக்கா