கேள்வி பதில்: பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

(தொழிலாளர் நீதிமன்றத்தில் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடும் வழக்கறிஞர் ஒருவர், வேலை, தொழிலாளர் உரிமை, அரசுப் பணி குறித்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

ஆரம்பிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். யார் நீட்டினாலும் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். என்னிடம் வந்து தோற்ற வழக்குகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தோற்றன. சரி, கேளுங்கள்.

ஓசூர் வாசகர்: மேடம், உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். 240 நாள் முடித்தாலே நிரந்தரம் என்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி. இந்த 240 நாள் கணக்கு எல்லார் வாயிலும் இருக்கிறது, அதன் பொருள் மட்டும் வேறு. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரைச் சும்மா வெளியே அனுப்ப முடியாது. ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். அது பாதுகாப்பு, நிரந்தரம் அல்ல.

நிரந்தரம் பற்றிப் பேசுவது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. இடையில் நோய், விபத்து, அனுமதித்த விடுப்பு வந்தால் தொடர்ச்சி அறுந்ததாகாது. கட்டுமான வேலைக்கும் பருவகாலத் தொழில்களுக்கும் இது பொருந்தாது.

உங்கள் சிக்கல் நாள் கணக்கில் இல்லை. கம்பெனி, "இவர் என் ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள்" என்று சொல்லும். அதை உடைக்க உங்களிடம் என்ன இருக்கிறது? ஷிஃப்ட் போடுவது யார், லீவு தருவது யார், வேலை சொல்வது யார் என்பதற்குச் சான்று வேண்டும். கேட் பாஸ், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் எந்த நிறுவனத்தின் பெயர் ஏறியிருக்கிறது என்ற விவரம் என எல்லாவற்றையும் இன்றே நகலெடுத்து வீட்டில் வையுங்கள். வேலை போன பிறகு உள்ளே போய் எதையும் எடுக்க முடியாது.

கரூர் வாசகி: அக்கா, ராஜினாமா செய்து இரண்டு மாதம் ஆகிறது. கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

பழைய 29 சட்டங்களைச் சேர்த்து உருவாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன. அதில் ஊதியத் தொகுப்புப்படி, வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். நீங்களாக விட்டாலும், அவர்கள் நீக்கினாலும் இதே கணக்குதான். எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகலோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளைப் பணம் கைக்கு வராமல் தொடாதீர்கள்.

சேலம் வாசகர்: சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஈ.எஸ்.ஐ. உடனே நின்றுவிடுமா?

நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அதற்குப் பங்களிப்புக் காலம் இருக்கிறது. இடையில் சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தமும் தொடரும், உரிமையும் தொடரும்.

திருப்பூர் வாசகர்: நான்கு வருடம் எட்டு மாதத்தில் வேலையை விட்டேன். ஐந்து வருடம் ஆகவில்லை, கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லை என்கிறார்கள்.

விட்டுக்கொடுக்காதீர்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு வருடமாகக் கணக்காகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998லேயே சொல்லிவிட்டது. உங்கள் வருகைக் கணக்கை எடுங்கள். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஒரு வருடம் முடிந்தாலே விகிதப்படி உண்டு. பணியில் இறந்தாலோ உடல் முடங்கினாலோ ஐந்து வருட நிபந்தனையே கிடையாது. இதைத் தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனது ஆறவில்லை.

கணக்கு இதுதான்: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். 18,000 ரூபாயில் ஏழு வருடம் என்றால் ஏறக்குறைய 72,690 ரூபாய்.

கோவை வாசகர்: முதல் வேலைக்குச் சேர்ந்தால் மத்திய அரசு 15,000 ரூபாய் தருகிறதாமே?

தருகிறது. பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு. முதல்முறையாக பி.எஃப்.பில் பதிவாகிறவருக்கு ஒரு மாதச் சம்பள அளவு, அதிகபட்சம் 15,000, இரண்டு தவணையாக. ஆறு மாதம் முடிந்து ஒன்று, 12 மாதம் முடிந்து மற்றொன்று. புதிதாக ஆள் சேர்க்கும் முதலாளிக்கும் ஒரு ஆளுக்கு மாதம் 3,000 வரை உண்டு.

முன்பெல்லாம் ஆள் எடுத்தும் பி.எஃப். பதிவு செய்யாமல் ஓட்டுவார்கள். இப்போது பதிவு செய்தால் அவருக்கும் காசு. அந்த வகையில் இதை நான் வரவேற்கிறேன். ஆனால் தவணை முடிந்ததும் ஆளை மாற்றிவிடுகிறார்களா என்று பார்க்கிற கண் வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, சேர்ந்த மாதமே யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிப் பணம் ஏறுகிறதா என்று பார்ப்பது.

ஈரோடு வாசகர்: மேடம், 240 நாள் முடித்தால் நிரந்தரம்தானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஜவுளிக்கடைப் பணியாளர், சென்னை: உட்காரக் கூடாது என்கிறார் மேனேஜர்.

கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி இருக்கை தந்தே ஆக வேண்டும். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள்.

விழுப்புரம் வாசகர்: பாகப்பிரிவினையில் ஒரு சந்தேகம்...

அது என் துறை இல்லை ஐயா. சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒரு தாய், தஞ்சாவூர்: பையனுக்கு அரசு வேலை வாங்கித் தருவதாக ஒருவர் நான்கு லட்சம் கேட்கிறார். நேரடி நியமனமாம்.

கொடுக்காதீர்கள் அம்மா. முன்பணம், அட்வான்ஸ், எந்தப் பெயரிலும் வேண்டாம். தேர்வாணையத்தின் பட்டியலில் வராத பெயருக்கு ஆணை வராது. அவர் காட்டும் முத்திரையும் கையெழுத்தும் எதற்கும் உதவாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். ஏமாந்தவர்கள் வாயைத் திறக்காததால்தான் அந்த ஆள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.

தேர்வர், மதுரை: நான்கு வருடமாக குரூப் 2, குரூப் 4 எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் "எங்களை நிரந்தரம் ஆக்கு" என்கிறார்கள். தேர்வே எழுதாமல் பின்வாசலில் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தால், படிக்கிற நாங்கள் எங்கே போவது?

நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றமும் 2006இல் உமாதேவி வழக்கில் இதையே கேட்டது. விளம்பரம் இல்லாமல், போட்டி இல்லாமல் சேர்ந்தவருக்கு நிரந்தரம் கேட்க உரிமை இல்லை, அது வெளியே காத்திருப்பவரின் சம வாய்ப்பைப் பறிக்கும் என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் துணை இல்லாமல் பத்து வருடம் தாண்டியவர்களை ஒரே ஒருமுறை முறைப்படுத்துங்கள் என்றது. அரசுகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

செவிலியரின் தம்பி, நாகர்கோவில்: "பின்வாசல்" என்று சொல்வதை வாபஸ் வாங்குங்கள் மதுரைக்காரரே. என் அக்கா எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதித்தான் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார். நிரந்தரச் செவிலியர் பார்க்கும் அதே வார்டு, அதே நைட் டியூட்டி. சம்பளம் மட்டும் வேறு.

தேர்வர், மதுரை: உங்கள் அக்காவைச் சொல்லவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிச் சேர்த்த ஆட்களைச் சொல்கிறேன். அவர்களை யார் தேர்ந்தெடுத்தது?

தூய்மைப் பணியாளர் மகள், சென்னை: சாக்கடை அள்ள எந்தத் தேர்வு எழுத வேண்டும் அண்ணா? என் அம்மா 14 வருடம் அள்ளினார். அப்போது யாரும் போட்டிக்கு வரவில்லையே?

நான் இடையில் வருகிறேன். மூன்று பேரும் பேசுவது ஒரே காலியிடத்தைப் பற்றி.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கிராமத்தில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவர். "எப்போதாவது கூப்பிட்ட ஆள்" என்றது எதிர்த்தரப்பு. நியமன ஆணை இல்லை, வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. அவரிடம் இருந்தது பம்ப் நோட்டு ஒன்றுதான். காலை 4.30க்கு மோட்டார் போட்டது, 7.10க்கு நிறுத்தியது, வால்வு மாற்றியது, கரண்ட் போனது, எல்லாம் ஒரே கையெழுத்தில், பொங்கலன்றும் தீபாவளியன்றும்கூட. சில பக்கங்கள் ஈரம் பட்டு ஊதா மை பரவியிருந்தது. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு "எப்போதாவது" என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.

அந்த வேலை தினமும் இருந்தது. தினமும் இருக்கும் வேலைக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்கி, விளம்பரம் செய்து, மதுரைத் தம்பி போன்றவர்களும் விண்ணப்பிக்க வழிவிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. குறைந்த சம்பளத்தில் ஒருவரை வைத்து வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, அவர் உரிமை கேட்கும்போது "நீ தேர்வு எழுதவில்லையே" என்றால் அது என்ன நியாயம்? தேர்வை நடத்த வேண்டியவர்கள் நடத்தவில்லை. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. மத்திய நீர் ஆணையத்தில் வருடக்கணக்காகப் பெருக்கித் துடைத்தவர்கள், தோட்டம் பார்த்தவர் ஆகியோரின் வழக்கு அது. தொடர்ந்து நடக்கும் வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டுச் சுரண்ட உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்காதே என்றது.

தேர்வர், மதுரை: அப்படியென்றால் தேர்வு எதற்கு மேடம்? எல்லாரையும் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டுப் பத்து வருடம் கழித்து நிரந்தரம் செய்துவிடலாமே.

கூடாது. அப்படிப் போனால் ஆளுங்கட்சி மாறும்போதெல்லாம் அலுவலகம் நிறைய வேண்டியவர்கள் வந்து உட்காருவார்கள். அதைத் தடுக்கத்தான் 1929லேயே சென்னை மாகாணத்தில் பணித் தேர்வாணையம் அமைத்தார்கள், மற்ற மாகாணங்களுக்கு முன்பே. தேர்வை நான் உயிராக மதிக்கிறேன். காலியிடத்தை வருடாவருடம் எண்ணி, வருடாவருடம் நிரப்பினால் தற்காலிகம் என்ற கூட்டமே உருவாகாது. நீங்கள் கோபப்பட வேண்டியது நிரப்பாமல் விட்டவர்கள் மீது. தெருவைப் பெருக்கியவர் மீது அல்ல.

தூய்மைப் பணியாளர் மகள், சென்னை: நன்றி மேடம். ஆனால் இப்போது தனியாருக்குக் கொடுத்துவிட்டார்களே. அம்மாவை அந்தக் கம்பெனியில் போய்ச் சேரச் சொல்கிறார்கள்.

சேர்வதும் சேராததும் அம்மாவின் முடிவு. வீட்டில் உலை வைக்க வேண்டியது அவர்தான், நான் வீரவசனம் பேச மாட்டேன். சேர்ந்தால், பழைய பணிக்காலத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்ற எதிலும் கையெழுத்து வேண்டாம். நியமனக் கடிதம் எழுத்தில் கேளுங்கள், புதிய தொகுப்பில் எல்லாத் தொழிலாளிக்கும் அது கட்டாயம். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளி தர வேண்டும். மாநகராட்சி கைகழுவ முடியாது.

நாகர்கோவில் தம்பி: மதுரை அண்ணா, கோபத்தில் பேசிவிட்டேன். தேர்வில் வெற்றி பெற வாழ்த்துகள்.

தருமபுரி வாசகர்: 240 நாள்...

இல்லை, நிரந்தரம் இல்லை. நான்காவது தடவை சொல்லச் சொல்லாதீர்கள்.

உணவு விநியோகத் தொழிலாளி, சென்னை: எங்களைப் "பார்ட்னர்" என்கிறார்கள். சட்டம் எங்களைப் பார்க்கிறதா?

இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் உங்களுக்கென்று தனி வரையறை வந்திருக்கிறது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் உங்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டமே போட்டது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம், பணிநேர வரம்பு எல்லாம் இன்னும் எட்டாத தூரம்தான். செயலியில் உங்கள் ஐ.டி.யை முடக்கினால் காரணம் கேட்கும் உரிமைக்குச் சங்கமாகச் சேர்ந்து போராடுங்கள். மத்திய அரசின் தொழிலாளர் பதிவுத் தளமான இ-ஷ்ரமிலும் தமிழ்நாட்டு நல வாரியத்திலும் பதிவு செய்துவிடுங்கள்.

அரசு அலுவலர், பெயர் வேண்டாம்: மேலதிகாரி வாய்மொழியாக உத்தரவு போடுகிறார். விதிக்கு மாறானது. எழுத்தில் கேட்டால் மாற்றல் வரும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் நடக்கக் கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. குறைந்தபட்சப் பதவிக்காலமும் மாற்றலைப் பரிசீலிக்கப் பணியாளர் வாரியமும் வேண்டும் என்றது. அரசு ஊழியரைத் தேர்ச்சி பெற்றவராக்கப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. மிஷன் கர்மயோகி மாதிரித் திட்டங்களில் செல்போனிலேயே பாடம் வருகிறது. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் "எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று சொல்லும் அலுவலரைக் காப்பாற்றாத துறைக்கு எந்தப் பாடமும் பயன்படாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். "தாங்கள் இன்று காலை தொலைபேசியில் அறிவுறுத்தியபடி" என்று தொடங்கிக் கோப்பில் குறிப்பு எழுதி, தேதி போட்டு, அவர் பார்வைக்கு வையுங்கள். அதில் எதிர்ப்பு எதுவும் இல்லை, மரியாதையான குறிப்புதான். அநேகமாக அந்தக் கோப்பு அப்படியே திரும்பி வந்துவிடும்.

திண்டுக்கல் வாசகி: அக்கா, மில்லில் அடிப்படைச் சம்பளம் 6,000, மற்ற படிகள் 14,000. பி.எஃப். 6,000க்குத்தான் பிடிக்கிறார்கள். சரியா?

இனிமேல் சரியில்லை. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியது ஊதியத்தில் சேரும் என்கிறது புதிய வரையறை. உங்கள் கணக்கில் ஊதியம் 10,000. உங்கள் பங்கு 720 அல்ல, 1,200. மில்லும் 1,200 போட வேண்டும். கைக்கு வருவது கொஞ்சம் குறையும், கிராஜுவிட்டி கூடும். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், சீட்டே தரவில்லையென்றால் முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள்.

திண்டுக்கல் வாசகி: சீட்டு தருகிறார்கள் அக்கா. கூடவே ஒரு வவுச்சரிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும்.

அதில் அடுத்த மாதத்திலிருந்து நீங்களே முதலில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, தேதியும் போட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் வவுச்சரைப் படம் எடுத்துக்கொண்டு, உங்களோடு வரிசையில் நிற்கும் மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஆய்வாளரிடம் போங்கள். தனியாகப் போக வேண்டாம்.