ஆதி கிறிஸ்தவர்கள் கல்லறையை ஏன் ‘தூங்கும் இடம்’ என்றார்கள்?

நம் ஊரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தைச் சிமித்தேரி என்பார்கள். போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். வேர் கிரேக்கம், பொருள் ‘தூங்கும் இடம்’. மரண அறிவிப்பில் ‘நித்திரையடைந்தார்’ என்று நாம் அச்சடிப்பதும் அதே எண்ணம்தான்.

காரணம் உயிர்த்தெழுதல் நம்பிக்கை. இயேசு எழுந்தார், நாமும் எழுப்பப்படுவோம் என்று நம்பியவர்களுக்குக் கல்லறை நிரந்தர வீடு அல்ல. இரவு பஸ்ஸில் “ஊர் வந்ததும் எழுப்பிவிடுங்கண்ணே” என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுக் கண்ணயர்கிறோமே, அப்படி.

ரோமில் ஆப்பியன் சாலை என்ற பழைய ரோமானியச் சாலையோரம், போப் கலிஸ்துவின் பெயரில் உள்ள நிலத்தடிக் கல்லறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து, ரயில் பெர்த் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக மாடங்கள். துணியில் சுற்றிய உடலை வைத்து ஓட்டாலோ பளிங்குப் பலகையாலோ மூடினார்கள். இத்தகைய பலகைகள் பலவற்றில் பட்டமோ பெருமையோ கிடையாது. பெயரும் ‘சமாதானத்தில்’ என்ற சொல்லும்தான். சுவர்களில் மீன் வயிற்றிலிருந்து மீண்ட பைபிள் தீர்க்கதரிசி யோனாவின் ஓவியம், உயிர்த்தெழுதலின் அடையாளமாக. மரண பயம் அவர்களுக்கு இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அழுதிருப்பார்கள்.

துன்புறுத்தலுக்குப் பயந்து அவர்கள் இந்தச் சுரங்கங்களிலேயே குடியிருந்தார்கள் என்பது தவறு. அங்கே போனது இறந்தவர்களை அடக்கம் செய்யவும் ஜெபிக்கவும்தான்.